நிலவின் பனி யாருக்கு? விண்வெளிக் குடியேற்றம் பற்றி ஒரு விவாதம்

நெடுவானம்:
விண்வெளியில் மனிதர்கள் குடியேறுவது வெறும் கனவு என்று இன்னொரு இழையில் சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராக்கெட்டின் எடையில் பெரும்பகுதி எரிபொருள்தான். அதையும் பூமியிலிருந்தே சுமந்து போகும்வரை நெடும்பயணம் எதுவும் கட்டுப்படியாகாது. ஆனால் நிலவின் தென்துருவத்தில் வெயிலே படாத பள்ளங்களில் பனி இருக்கிறது. சந்திரயான்-1 தரவுகளில் நீரின் தடயம் தெரிந்தது 2009-ல். அதே ஆண்டு நாசா கபேயஸ் பள்ளத்தில் ஒரு ராக்கெட் பாகத்தை மோதவிட்டு, கிளம்பிய தூசியில் நீர் இருப்பதைக் கண்டது. நீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும். மூச்சுக்கும் வழி, எரிபொருளுக்கும் வழி.

கார்முகில்:
பனி இருப்பது வேறு, அதை எடுப்பது வேறு. அந்தப் பள்ளங்களில் குளிர் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. வெயிலே இல்லாத இடத்தில் சூரியத் தகட்டை வைத்து என்ன பயன்? அங்கே இறங்கி ஒரு கைப்பிடி பனியை அள்ளி வந்தவர் யாருமில்லை. அப்புறம் தூசி. காற்றும் மழையும் தேய்க்காத துகள்கள், முனை மழுங்காதவை. அப்போலோ வீரர்களின் உடை இணைப்புகளில் புகுந்து பாடாய்ப் படுத்தியது. அவர்கள் தங்கியதோ அதிகபட்சம் மூன்று நாள்.

சிறுகோள் சுரங்கம் என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். 2016-ல் கிளம்பிய நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் 2023-ல் பென்னு என்ற சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது 121.6 கிராம். ஜப்பானின் ஹயபுசா-2 கலம் ரியுகு சிறுகோளிலிருந்து கொண்டுவந்தது சுமார் 5.4 கிராம். சிறுகோளில் சுரங்கம் வெட்டப்போகிறோம் என்று பெரிய அறிவிப்போடு வந்த பிளானட்டரி ரிசோர்சஸ் நிறுவனம் 2018-ல் ஒரு பிளாக்செயின் நிறுவனத்திடம் கைமாறியது.

நெடுவானம்:
அந்தக் கலங்கள் ஆராய்ச்சிக்காகப் போனவை. அவை கொண்டுவந்த எடையை வைத்துச் சுரங்கத்தை அளப்பது நியாயமில்லை. சிறுகோளில் பிளாட்டினத்தை வெட்டிப் பூமிக்கு இறக்கி விற்கலாம் என்று நானும் சொல்லவில்லை. அங்கே கிடைப்பதை அங்கேயே பயன்படுத்துவதுதான் என் வாதம்.

அதற்கு ஆதாரம் இருக்கிறது. நாசா செவ்வாயில் இறக்கிய பெர்சவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி கருவி, செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, சூடாக்கி, ஆக்சிஜனைப் பிரித்தது. 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, மொத்தம் 122 கிராம். உச்சத்தில் மணிக்கு 12 கிராம். ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குக்கூட இது போதாது, சரி. ஆனால் வேறொரு கிரகத்தின் காற்றிலிருந்து சுவாசிக்கத் தகுந்த வாயுவை மனிதக் கருவி பிரித்தெடுத்தது அதுதான் முதல் தடவை. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் சேர்த்து 98 சதவீத நீரை மீட்டுக் காட்டியிருக்கிறார்கள். 2000 நவம்பரிலிருந்து அங்கே ஆளில்லாத நாளே இல்லை.

கார்முகில்:
அந்த நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சரக்குக் கலங்கள் போய்வந்துகொண்டே இருக்கின்றன. உடம்புக்கு முடியாவிட்டால் சில மணி நேரத்தில் தரையிறங்கலாம். அதைக் குடியேற்றம் என்று எப்படிச் சொல்வது?

மூடிய உலகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு அமெரிக்காவின் அரிசோனாவில் வெளிக்காற்று புகாதபடி கட்டிய பயோஸ்பியர்-2 கட்டடம் சாட்சி. 1991-ல் எட்டுப் பேர் உள்ளே போனார்கள். வயல், காடு, சின்னதாக ஒரு கடல்கூட உள்ளே இருந்தது. ஆனால் 16 மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 14.5-க்கு இறங்கிவிட்டது. சத்தான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடு செடிகளுக்குப் போயிருந்தால் ஆக்சிஜன் திரும்பி வந்திருக்கும். அதில் பெரும்பகுதியைச் சுவரின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. சிமெண்ட் காற்றை மாற்றிவிடும் என்று கட்டியவர்கள் எதிர்பார்க்கவில்லை. 1993-ல் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தித்தான் சமாளித்தார்கள். செவ்வாயில் இப்படி நடந்தால் யார் செலுத்துவது? அங்கே கலம் அனுப்பத் தோதான நேரம் வருவதே சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை.

வழக்காடி:
முடியுமா முடியாதா என்றே இருவரும் பேசுகிறீர்கள். யாருக்கு என்பதையும் கொஞ்சம் பேசுங்கள். 1967 விண்வெளி உடன்படிக்கைப்படி எந்த நாடும் நிலவைத் தன் மண் என்று உரிமை கோர முடியாது. ஆனால் தோண்டி எடுத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்று அதில் தெளிவாக இல்லை. அந்த இடைவெளியில்தான் 2015-ல் அமெரிக்காவும் 2017-ல் லக்சம்பர்க்கும், எடுத்தவருக்கே சொந்தம் என்று சட்டம் போட்டன. நிலவின் வளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்ற 1979 ஒப்பந்தத்தை விண்வெளி வல்லரசுகள் எதுவும் ஏற்கவில்லை. அமெரிக்கா முன்னின்று 2020-ல் கொண்டுவந்த ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தத்தில் 'பாதுகாப்பு வளையம்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் வேலை செய்யும் இடத்தில் மற்றவர் குறுக்கிடாமல் இருக்க. இந்தியா 2023-ல் கையெழுத்திட்டது. சீனாவும் ரஷ்யாவும் சேரவில்லை. அவர்களுக்குத் தனி நிலவுத் தளத் திட்டம் உண்டு.

பனிப் பள்ளங்களும், அவற்றின் விளிம்பில் ஏறக்குறைய ஆண்டு முழுக்க வெயில் படும் மேடுகளும் சின்னஞ்சிறு இடங்கள். எல்லோரும் குறிவைப்பது அதே இடத்தைத்தான். முதலில் போனவர் வளையம் போட்டுவிட்டால், மண்ணுக்கு உரிமை கோராமலேயே மண் அவருடையதாகிவிடும்.

நெடுவானம்:
இந்தக் கவலை எனக்கும் உண்டு. அதனால் போகாமலே இருப்பதா? அண்டார்டிகாவில் விதி போட முடிந்ததே. 1991-ல் நாடுகள் சேர்ந்து போட்ட நெறிமுறை அங்கே சுரங்கத்தைத் தடைசெய்தது, ஆராய்ச்சி நிலையங்கள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. நிலவிலும் சில பள்ளங்களை யாரும் தொடக்கூடாது என்று ஆராய்ச்சிக்காக ஒதுக்கலாம். மற்றவற்றில் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கை எல்லோருக்கும் திறந்து வைக்கலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த பனி அது, அடுத்த தலைமுறைக்கும் மிஞ்ச வேண்டும்.

கார்முகில்:
இந்த விதிக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். பத்துப் பேர் முறைவைத்துப் போய்வரும் ஆராய்ச்சித் தளத்துக்கும் எனக்கு எதிர்ப்பில்லை. ஆனால் குடியேற்றம் என்றால் அங்கே குழந்தை பிறக்க வேண்டும். செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 38 சதவீதம்தான். எடையற்ற நிலையில் உடற்பயிற்சி இல்லாவிட்டால், இடுப்பு போன்ற எடை தாங்கும் எலும்புகள் மாதம் ஒன்று, ஒன்றரை சதவீதம் கரைகின்றன. 38 சதவீத ஈர்ப்பு அதைத் தடுக்கப் போதுமா என்று எந்த மனிதரிடமும் சோதித்ததில்லை. கருவிலிருந்தே அந்த ஈர்ப்பில் வளரும் குழந்தையின் முதுகெலும்பு எப்படி அமையும்? சுழலும் நிலையம் ஒன்றைச் சுற்றுப்பாதையில் வைத்து, செவ்வாய் அளவு ஈர்ப்பில் எலிகளை இரண்டு மூன்று தலைமுறை வளர்த்துக் காட்டுங்கள். அந்த முடிவு கைக்கு வரும்வரை ஒரு கர்ப்பிணியை அங்கே அனுப்பும் திட்டம் எதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன்.