சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி: முதியோர் இல்லத்துக்கு எடுத்த டிபிஎஸ் (குற்றப் பின்னணிச் சோதனைச் சான்றிதழ்) செல்லுமா?

கேள்வி (புது நிர்வாகி):
இங்கிலாந்தில் வாடகை மண்டபத்தில் நடக்கும் தமிழ்ப் பள்ளி. செப்டம்பரில் மூன்று புது ஆசிரியர்கள் சேருகினம். இருவர் முதியோர் இல்லத்தில் வேலை, டிபிஎஸ் கைவசம் இருக்கு. மற்றவர் போன வருசம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். தேநீர் போடும் அம்மாமாருக்கும் எடுக்க வேணுமா? செலவு எப்பிடி?

பனையோலை:
செல்லாது. அது வளர்ந்தோர் பிரிவுக்கு எடுத்தது. பிள்ளைகளோடு வேலை செய்யக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பட்டியல், அதாவது பிள்ளைகள் தடைப்பட்டியல், வேற. அதைத் தேடியே இருக்க மாட்டினம். அப்டேட் சேர்விஸில் (சான்றிதழில் மாற்றம் உண்டா என்று இணையத்தில் பார்க்கும் சேவை) பதிந்திருந்தாலும் இதே கதைதான்.

வாரம் ஒரு தடவை தனிய வகுப்பெடுக்கிற ஆளுக்கு என்ஹான்ஸ்ட் எனும் விரிவான டிபிஎஸ் சோதனையோடு பிள்ளைகள் தடைப்பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கோ. சான்றிதழ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான். 'நன் ரெக்கோடட்' என்றால் தேடினார்கள், பெயர் இல்லை. 'நொட் ரிக்குவெஸ்டட்' என்றால் தேடவே இல்லை. இரண்டையும் ஒன்றாக வாசித்துக் கோப்பில் போடுகிற பள்ளிகளும் இருக்கு.

தேநீர் மேசையோடு நிற்கிறவைக்கு இந்தச் சோதனை கேட்கச் சட்டம் இடம் தராது. ஆனால் அவையே பாலர் வகுப்புப் பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போய் உடுப்பு மாத்தி விட்டால், ஒரு தடவை என்றாலும் இந்தச் சோதனைக்குரிய வேலையாகக் கணக்கில் வரும். ஆர் கூட்டிப்போறது என்று முதலே தீர்மானியுங்கோ.

தொண்டருக்கு அரசுக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தை அனுப்பும் அம்பிரெல்லா நிறுவனம் தன் சேவைக் கூலி எடுக்கும். பயணக் காசு குடுக்கலாம். தவணை முடிவில் 'அன்பளிப்பு' உறை குடுத்தால் அவர் தொண்டர் இல்லை, முழுக் கட்டணம்.

கணக்கப்பிள்ளை:
யாழ்ப்பாணத்தவருக்கு டிபிஎஸ் மட்டும் போதாது. அது இங்கத்தைப் பதிவுகளைத்தான் பார்க்கும். இலங்கைப் பொலிஸ் நற்சான்றிதழ் தனியாக எடுக்க வேணும். முந்தி படிப்பிச்ச இடத்தில் ஒருவரிடம் நேரே கதைச்சுக் கேளுங்கோ.

எங்கடை ஆட்களின் விண்ணப்பம் இழுபடுவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முழுசா இருக்கும், வங்கிக் கடிதத்தில் வெறும் முதலெழுத்து, கலியாணத்துக்குப் பிறகு மனுசன் பெயர். பாவித்த பெயர் எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதோணும். ஐந்து வருட முகவரியில் இடைவெளி கூடாது, ஊர் முகவரி உட்பட. வங்கிக் கடிதம் மூன்று மாதத்துக்கு உட்பட்டது.

சான்றிதழ் ஆளின் வீட்டுக்குத்தான் வரும், பள்ளிக்கு வராது. மூலத்தைப் பாருங்கோ, வாட்ஸப் படத்தை நம்பாதேங்கோ. சான்றிதழில் போட்டிருக்கும் திகதியில் இருந்து 30 நாளுக்குள் அப்டேட் சேர்விஸில் பதியச் சொல்லுங்கோ, தொண்டருக்கு இலவசம். நாள் தப்பினால் திரும்ப முதலில் இருந்து.

புது நிர்வாகி:
நன்றி. சான்றிதழ் வரும்வரை வகுப்பில் விடலாமா?

பனையோலை:
தனிய விடாதேங்கோ. சோதனை முடிஞ்ச ஆசிரியர் ஒருவர் அதே அறையில் முழு நேரமும் இருக்கோணும், பக்கத்து அறையில் இல்லை. ஸ்கொட்லாந்தில் கிளை இருந்தால் அங்கை டிபிஎஸ் இல்லை, பிவிஜி எனும் ஸ்கொட்லாந்தின் சொந்தச் சோதனைத் திட்டம். அதுக்கு வேற விண்ணப்பம்.