நெடுந்தீவைச் சுற்ற எது நல்லது: ஓட்டோவா, சைக்கிளா, ஸ்கூட்டரா?

கேள்வி: மல்லிகைப்பந்தல்

வணக்கம். பிப்ரவரியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை வருகிறேன். யாழ்ப்பாணத்தில் நான்கு நாள் இருப்போம். நயினாதீவு நாகபூசணி அம்மனைப் பார்ப்பது அம்மாவின் வேண்டுதல். நெடுந்தீவு என்னுடைய ஆசை. அந்தக் கல்வேலிகளையும் குதிரைகளையும் படத்தில் பார்த்ததிலிருந்து ஒரே நினைப்பாக இருக்கிறது.

தீவுக்குள் எப்படிச் சுற்றுவது என்றுதான் புரியவில்லை. யாழ்ப்பாணத்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துப் படகில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்கிறார் ஒருவர். இந்திய லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. அங்கேயே சைக்கிள் எடுங்கள் என்கிறார் இன்னொருவர். அம்மாவுக்கு 68 வயது, இடது முழங்கால் வலி. ஆட்டோவில் ஏறி இறங்குவார், அதற்கு மேல் முடியாது. ஒரே நாளில் இரண்டு தீவையும் பார்க்க முடியுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மாவிலித்துறை

தங்கச்சி, நான் நெடுந்தீவில் பிறந்தவன். இப்போது இருப்பது யாழ்ப்பாண நகரத்தில். மாதத்தில் இரண்டு தரமாவது ஊருக்குப் போய்வருகிறேன்.

வாகனத்தைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், முதலில் படகைப் பாருங்கள். புங்குடுதீவில் இருக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து காலைப் படகில் ஏறினால் ஒரு மணி நேரக் கடல். பின்னேரப் படகில் திரும்ப வேண்டும். இடையில் உங்கள் கையில் இருப்பது நான்கு, மிஞ்சினால் ஐந்து மணி நேரம். படகு நேரம் காற்றைப் பார்த்தும் ஆளைப் பார்த்தும் மாறும். அதனால் காலையில் இறங்குதுறையில் கால் வைத்ததும் படகுக்காரரிடமே "திரும்பிப் போற கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிடுங்கள். கைபேசியில் தேடி எடுத்த நேரத்தை நம்பாதீர்கள். நானே நம்புவதில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகட்டுவானுக்கு 776ஆம் இலக்க பஸ் போகும். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று ஒவ்வொரு இடமாகத் தாண்டும். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் ரோட்டின் இரண்டு பக்கமும் கடல்தான், மீன் பிடிக்க நட்ட தடிகள் வரிசையாகத் தெரியும். ஜன்னல் சீட்டு பிடித்து அம்மாவை இருத்துங்கள். ஆனால் பஸ் நிற்காத இடமில்லை. படகைப் பிடிக்கும் அவசரத்தில் போகிறவர்களுக்கு நான் சொல்வது, விடிய நேரத்தோடு வெளிக்கிடுங்கள், முடிந்தால் நகரத்திலேயே ஓட்டோவோ வானோ பேசிக்கொள்ளுங்கள் என்றுதான்.

அம்மாவின் முழங்காலுக்குச் சோதனை தீவில் இல்லை, படகில் ஏறும் இடத்தில்தான். படகு துறையோடு ஒட்டி நிற்காது, ஆடிக்கொண்டே நிற்கும். சில நாளில் ஒரு படகுக்குள் இறங்கி, அதைக் கடந்து மற்றப் படகுக்குப் போக வேண்டி வரும். படகுப் பெடியள் கையை நீட்டுவார்கள். கூச்சப்படாமல் பிடிக்கச் சொல்லுங்கள். படகு மேலெழும்பும் நேரம் பார்த்துக் காலை வைக்க வேண்டும், அது கீழே போகும்போது வைத்தால்தான் முழங்காலில் அடி விழும். உள்ளே இறங்கும் படி செங்குத்தாக இருக்கும். கீழே எஞ்சின் சூடும் டீசல் மணமும். வாசலுக்குப் பக்கத்தில் இடம் கேட்டால் வயதானவர்களுக்கு எழும்பிக் கொடுப்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான் போய்வருகிறார்.

தீவில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் நிற்பார்கள். உங்களுக்கு அதுதான் சரி. கூட்டமாக வருகிறவர்கள் பிக்கப்போ வானோ பிடிப்பார்கள், இரண்டு பேருக்கு அது தேவையில்லை. பஸ்ஸை நம்பி ஒரு நாளில் சுற்ற முடியாது. அது ஊர்ச்சனத்தின் தேவைக்கு ஓடுவது.

ஸ்கூட்டரை மறந்துவிடுங்கள். வெறும் இந்திய லைசென்சைக் காட்டி இலங்கையில் ஓட முடியாது, இங்கே செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது கிடைத்தாலும், ஆடும் படகில் ஸ்கூட்டரைத் தூக்கி ஏற்றி இறக்குவது பழகியவர்கள் செய்கிற வேலை. வாடகை வண்டியில் கீறல் விழுந்தால் அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நயினாதீவையும் நெடுந்தீவையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். இரண்டுக்கும் படகு குறிகட்டுவானில் இருந்துதான், அதனால் பலர் ஆசைப்படுகிறார்கள். கடைசியில் இரண்டையும் ஓடிக்கொண்டே பார்த்துவிட்டு வருவார்கள். நயினாதீவுக்கு வாகனமே தேவையில்லை, படகு கோயில் வாசலுக்கு நேரே இறக்கிவிடும். அதற்கு ஒரு நாளை விட்டுவிடுங்கள், அம்மா ஆறுதலாகக் கும்பிடட்டும்.

பதில்: காற்றெதிரி

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் சைக்கிளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் சொல்கிறேன்.

நான் போனது ஓகஸ்டில், தனியாக. தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர்தான், மேடு என்று ஒன்றும் இல்லை. நாலு மணி நேரத்தில் மிதித்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சோளகக் காற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. தென்மேற்கில் இருந்து அப்படி அடித்தது. பெடலை மிதிக்கிறேன், சைக்கிள் நகரவில்லை. பனை மரம் நிறைய இருக்கிறது, நிழல்தான் இல்லை. கொண்டுபோன ஒரு லீட்டர் தண்ணீர் பதினொரு மணிக்கே முடிந்தது.

கடலோரத்தில் இருக்கும் பழைய குவிந்தா கோபுரத்தைப் பார்த்துத் திரும்பும்போது பின் ரயர் காற்றுப் போனது. ஓரமாக ஒதுக்கிய இடத்தில் ரோட்டுக்குப் போட்ட பவளக்கல் நொறுங்கிக் கிடந்தது, கத்தி மாதிரி. உருட்டிக்கொண்டே நடந்தேன். ஒரு வீட்டு அம்மா கூப்பிட்டுத் தண்ணீர் தந்து, மகனை மோட்டார் சைக்கிளில் அனுப்பி ஒட்டுப் போட வைத்தார். காசு வாங்கவில்லை. துறைக்கு வந்தபோது படகு போய்விட்டிருந்தது. அன்றிரவு அங்கேதான் தங்கினேன்.

ஆனால் ஒன்று, அந்த மாலையும் மறுநாள் காலையும்தான் நான் உண்மையில் நெடுந்தீவைப் பார்த்தேன். விடிய ஆறு மணிக்குக் காற்று அடங்கியிருந்தது. கல்வேலி ஓரமாக மெல்ல மிதித்துப் போகிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குதிரையும் குட்டியும் என்கூடவே நடந்து வந்தன. ஓட்டோச் சத்தத்தில் அது நடந்திருக்காது. இரவு தங்குகிறவர்களுக்குச் சைக்கிள், காலையில் வந்து மாலையில் போகிறவர்களுக்கு வேண்டாம்.

மல்லிகைப்பந்தல்

இருவருக்கும் ரொம்ப நன்றி. அப்போ நெடுந்தீவுக்கு ஆட்டோ, நயினாதீவுக்குத் தனியாக ஒரு நாள். அண்ணா, ஆட்டோக்காரரிடம் என்ன சொல்லிப் பேசுவது? எல்லா இடத்தையும் அம்மாவால் இறங்கிப் பார்க்க முடியாது. கடலைப் பார்த்தும் கொஞ்சம் பயப்படுகிறார்.

பதில்: மாவிலித்துறை

மணிக்கணக்கில் பேசாதீர்கள், இடங்களின் பெயரைச் சொல்லி மொத்தமாக ஒரு காசு பேசுங்கள். ஏறுவதற்கு முதலே பேசி முடித்துவிட வேண்டும். திரும்பத் துறையில் கொண்டுவந்து விடுவதும் அதில் சேர்த்தி என்று சொல்லுங்கள். ஒருமுறை கொழும்பில் இருந்து வந்த என் நண்பர் குடும்பம் அதைச் சொல்லாமல் விட்டு, பாதி வழியில் மறுபடியும் விலை பேச வேண்டி வந்தது. நல்ல ஆட்கள்தான் அதிகம், ஆனாலும் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

தூரத்தில் இருப்பதை முதலில் பாருங்கள். குவிந்தா கோபுரம் தீவின் மற்ற முனையில், தென்கிழக்கில் இருக்கிறது. அங்கே முதலில் போய், வரும் வழியில் குதிரைகள், பிறகு பெருக்கமரம் (பாவோபாப் என்கிற பருத்த மரம்). ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையையும் புறாக்கூட்டையும் கடைசிக்கு வையுங்கள். கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துறையில் இருந்து தூரமில்லை. நேரம் போய்விட்டால் அதை விட்டுவிட்டு நேரே படகுக்கு வரலாம். எல்லாரும் கிட்ட இருப்பதில் தொடங்கி, தூரத்தில் இருப்பதைப் பார்க்காமலே ஓடி வருகிறார்கள்.

அம்மா குதிரைக்கும் பெருக்கமரத்துக்கும் இறங்கினால் போதும். மரத்தின் அடியில் ஆள் நுழையும் அளவுக்குப் பொந்து இருக்கிறது, உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். மற்ற இடங்களில் ஓட்டோவிலேயே இருக்கட்டும். கல்வேலிக்கு இறங்கவே வேண்டாம், போகும் பாதை முழுக்க அதுதானே.

கடலுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். பிப்ரவரியில் மாரி மழை முடிந்திருக்கும், சோளகம் தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கு. அலை இருந்தாலும் காலையில் குறைவு. புறப்படுவதற்கு முதல் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். தண்ணீரும் குடையும் கையில் காசும் யாழ்ப்பாணத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

வரும் நாள் முடிவானதும் இதிலேயே எழுதுங்கள் தங்கச்சி. அன்று நானும் ஊருக்குப் போவதாக இருந்தால், அம்மாவைப் படகில் ஏற்றிவிட ஒரு கை கூட இருக்கும்.