கமராவைத் தொழிலாக்கின ஆக்கள் ஒருக்கா வாங்கோ: மனசை விட்டுப் போகாத அந்த ஒரு படம் எது?

திருக்கடலூர்ப் பெடியன்
கலியாணத்துக்கு முந்தி எடுக்கிற ப்ரீ ஷூட், நிலாவெளி. பொம்பிளைக்கு "சன்செட்" வேணுமாம், கடலுக்குள்ள சூரியன் இறங்கோணுமாம். கிழக்குக் கடல் அக்கா, காலமை வந்தால் சூரியன் ஏறுறதை எடுக்கலாம் எண்டு சொல்லிப் பாத்தன். ஐஞ்சு மணிக்கு மேக்கப்போட வர ஏலாதாம். பின்னேர வெளிச்சத்தில எடுத்து, வேற ஒரு படத்தில இருந்த செம்மஞ்சள் வானத்தை வெட்டி ஒட்டிக் குடுத்தன். அவைக்கு நல்ல சந்தோசம், காசும் உடன வந்தது.

பெரிசா அடிச்ச பிரேம் வீட்ட சுவரில சாய்ச்சு வச்சிருந்தது. அப்பா கரைவலைக்காரர், அந்தக் கரையிலேயே காலம் போக்கினவர். சாப்பிட்டுக்கொண்டே பாத்தார். "இது எந்த ஊர்க் கடல் தம்பி?" எண்டார். நிலாவெளி எண்டன். ஒண்டும் கதைக்கேல்லை, கையைக் கழுவப் போயிட்டார். வலை இழுக்கிறதைப் படமெடுக்கத்தான் நான் முதன்முதல் கமரா தூக்கினது, அதுவும் அவர் சீட்டுப் பிடிச்சு வாங்கித் தந்தது. அந்த எடுப்பு இப்ப வருகுதில்லை. உங்களுக்கும் இப்பிடியோ?

உவர்மலை அக்கா
தம்பி, ஒட்டின வானத்துக்கு இவ்வளவு கவலைப்படாதேங்கோ. அவை கேட்டதைக் குடுத்தனீங்கள். எனக்கு நடந்தது வேற மாதிரி.

சாமத்திய வீடு. பிள்ளையை விடியக்காலமை தொடக்கம் மாமிமார் இருத்தி எழுப்பி, சேலை மாத்தி, ஆலாத்தி எடுத்து, திரும்பச் சிரி திரும்பச் சிரி எண்டு ஒரே கரைச்சல். கொஞ்ச நேரம் ஆளைக் காணேல்லை. மணவறைக்குப் பின்னால, அலங்காரத் துணிக்கும் சுவருக்கும் இடையில, நகை நட்டோட குந்தியிருந்து ரோல்ஸ் சாப்பிடுறாள். வாயெல்லாம் தூள். என்னைக் கண்டிட்டு நிப்பாட்டாமல் சாப்பிட்டாள். ஒண்டே ஒண்டு எடுத்தன். அண்டைக்கு நான் எனக்காக எடுத்தது அது மட்டுந்தான்.

அல்பத்துக்குப் படம் தெரியேக்க தாய் "ஐயோ இதை அழிச்சு விடுங்கோ, ஆக்கள் பாத்தால் சிரிப்பினம்" எண்டா. ஓம் எண்டன், அழிக்கேல்லை. இப்ப பிள்ளை கம்பஸ் போயிட்டாள். போன கிழமை மெசேஜ்: "அன்ரி, நான் ஒளிச்சிருந்து சாப்பிட்ட படம் இருக்கோ?" இன்னும் மறுமொழி போடேல்லை. காசு தந்தது தாய். படம் ஆற்ர?

கிண்ணியா மச்சான்
குடுங்க அக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு. முகம் அவட முகம்.

நான் புறாத்தீவுக்கு ஆக்களக் கூட்டிப் போய் தண்ணிக்குள்ள படம் எடுத்துக் குடுக்கிறவன். ஒருத்தர் முருகைக்கல்லுக்கு மேல ஏறி நிண்டு போஸ் குடுத்தார். இறங்குங்க, இது நெஷனல் பார்க் எண்டன். இறங்கல்ல. நான் கமராவ மூடிட்டன். காசு தரல்ல. அவ்வளவுதான் என்ட கதை.

திருக்கடலூர்த் தம்பிக்கு ஒண்டு சொல்லணும். உழைக்கிற கமராவும் ஆசைக்கு எடுக்கிற கமராவும் ஒண்டா இருக்கக் கூடாது. ஒரு பழைய கமரா பொடி வாங்குங்க, ஒரே ஒரு லென்ஸ், 35 எம்எம் போதும், சூம் வேணாம். கலியாண வீட்டுக்கு அத எடுத்துப் போகவே வேணாம். உப்புக் காத்துல வச்சா உள்ள பூஞ்சணம் பிடிக்கும், காத்துப் புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, ஜெல்ல இடைக்கிட சூடு காட்டணும். கடலால வந்தா வெளிப்பக்கத்த நல்ல தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைங்க. எடுத்த படத்த பேஸ்புக்ல போடாதீங்க, லைக் பாக்கத் தொடங்கினா அதுவும் வேலதான். சீசன் முடிஞ்சு வாடைக்காத்து தொடங்கினா டூரிஸ்ட் வராது, கலியாணமும் குறவு, அப்ப மூதூர்ப் பக்கம் போங்க, மழை வெளிச்சம் மாதிரி வராது. இல்லாட்டி தொழிலையே விடுங்க. அந்தக் காலத்துப் பேர்போன இலங்கைப் படப்பிடிப்பாளர் லயனல் வென்ட் சட்டம் படிச்சவர், பியானோ வாசிச்சவர், படத்த நம்பி அவர்ட அடுப்பு எரியல்ல. அதான் அப்பிடி எடுத்தார்.

பழைய நெகட்டிவ்
வென்ட்டின்ர தகப்பன் உயர் நீதிமன்ற நீதியரசர், தம்பி. அந்த வீட்டில அடுப்பு எதாலையும் எரிஞ்சிருக்கும். திருக்கடலூர்ப் பெடியனுக்கு அந்தக் கதை உதவாது.

ஆசை, ஆசை எண்டுறியள். நான் ஸ்டூடியோவில கூடுதலா எடுத்தது ஐசி படம், அடையாள அட்டைக்கு. ஓ/எல் சோதினை வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளையள் வரிசையில நிப்பினம். நேரா இரு, காதைக் காட்டு, பல்லைக் காட்டாதை. இப்ப எண்டால் ஒன்லைனில ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகுது, அப்ப பிலிம், கறுப்பு வெள்ளை. எடுக்கேக்கை நான் முகத்தைக்கூடச் சரியாப் பாக்கிறேல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு, தை மாதம் எண்டு நினைக்கிறன், கரைப் பக்கத்து மனுசி ஒருத்தி வந்தா. மகனுக்கு ஐசி படம் இஞ்ச எடுத்ததாம். வீட்டில ஒரு படமும் மிஞ்சேல்லை. நெகட்டிவ் கவருகளை நிலத்தில கொட்டி நானும் மனிசியும் தேடினம். எடுத்துக் குடுத்தன், பெரிசாக்கச் சொன்னா. பெரிசாக்கினால் புள்ளி புள்ளியாத் தெரியும் அம்மா எண்டன். "பறவாயில்லை, ஆனா ஏன் தம்பி இவன் சிரிக்கேல்லை?" எண்டு கேட்டா.

நான்தான் சிரிக்க வேண்டாம் எண்டது. ஐசிக்கு அப்பிடித்தான். அதை எப்பிடிச் சொல்லுறது.

உவர்மலை அக்கா
அண்ணை, இதை வாசிச்சிட்டு அந்தப் பிள்ளைக்குப் படத்தை அனுப்பிட்டன். தாய் ஏசினால் ஏசட்டும்.

திருக்கடலூர்ப் பெடியன்
மச்சான், அந்த 35 லென்ஸ் பழசு எவ்வளவுக்குப் போகும்? உங்களிட்ட விக்கிறதுக்கு இருக்கோ? சும்மா சொல்லுறியள் எண்டுதான் நினைக்கிறன், ஆனாலும் கேட்டுப் பாக்கிறன்.

கிண்ணியா மச்சான்
இருக்கு. ஆனா உள்ள கொஞ்சம் பூஞ்சணம்.