எடப்பள்ளி வீடு குழு: சுந்தரத்தின் ஆஸ்பத்திரி பில்

மாலை 5.42

கவிதா: கோயமுத்தூர் தனியார் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆஞ்சியோ முடிந்தது. இதய ரத்தக் குழாயில் ரெண்டு அடைப்பு. குழாயைத் திறந்து வைக்க ரெண்டு ஸ்டென்ட், அதாவது சின்ன வலைக்குழல், வைக்க வேண்டுமாம். 3,40,000 எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். இன்று ராத்திரி பயமில்லை, ஆனால் நாளைக்கே முடிவு சொல்ல வேண்டும்.

லட்சுமி பெரியம்மா: முருகா. பேசுகிறாரா?

கவிதா: பேசுகிறார் பெரியம்மா. தோட்டத்தில் மருந்தடித்தாச்சா என்று கேட்கிறார்.

செல்வி அத்தை: அண்ணனுக்கு ஒன்றும் ஆகாது.

பாலு மாமா: குன்னூர் லாலி அரசு ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை உடனே போட்டு அனுப்பினார்களே, அதுதான் உயிரைக் காப்பாற்றியது. நேராகக் கோயமுத்தூருக்குக் கிளம்பியிருந்தால் மலைப்பாதையில் பர்லியாரிலேயே சிக்கியிருப்போம்.

முருகேஷ்: இன்றைக்கும் பர்லியாரில் ஒரு மணி நேரம் நின்றேன். டூரிஸ்ட் வண்டி.

செல்வி அத்தை: பூண்டு, இஞ்சி, எலுமிச்சை கசாயம் அடைப்பைக் கரைக்குமாம். ஒரு வீடியோ வந்தது, அனுப்பவா?

பாலு மாமா: வேண்டாம் செல்வி. தயவுசெய்து.

மாலை 6.05

ராஜேந்திரன் பெரியப்பா: கவிதா, பில்லில் ஸ்டென்ட்டுக்கு மட்டும் எவ்வளவு போட்டிருக்கிறது பார். 2017 பிப்ரவரிக்கு முன்னால் மருந்து தடவிய ஸ்டென்ட் ஒன்றே லட்சத்துக்கு மேல் விற்றது. மத்திய அரசின் மருந்து விலை ஆணையம், என்பிபிஏ, அதை 29,600 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. 2018-ல் கொஞ்சம் இறக்கி, அப்புறம் ஏற்றி, 2025-லும் வரி சேர்க்காமல் 40,000-க்குள்தான். அதற்கு மேல் போட்டிருந்தால் கேள்வி கேட்கலாம்.

கவிதா: ரெண்டுக்கும் சேர்த்து 76,000 பெரியப்பா.

ராஜேந்திரன் பெரியப்பா: மீதி 2,64,000?

கவிதா: கேத் லேப் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்கிற அறை), டாக்டர் பீஸ், ஐசியூ, ஒருமுறை பயன்படுத்துகிற கன்ஸ்யூமபிள்ஸ், அப்புறம் 'இதர'.

லட்சுமி பெரியம்மா: இதர என்றால்?

கவிதா: கேட்டேன். பில்லிங்கில் நாளைக்குச் சொல்கிறார்களாம்.

பாலு மாமா: இதைத்தான் நான் வருஷக்கணக்காகச் சொல்கிறேன். ஒன்றின் விலையைக் கட்டினால் பணம் அடுத்த வரிக்குப் போகும். ஸ்டென்ட் விலையைக் கட்டினதும் சில வெளிநாட்டுக் கம்பெனிகள் புது ரக ஸ்டென்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று விண்ணப்பம் போட்டன. அடிபடுவது எங்களைப் போன்ற மருந்துக் கடைக்காரர்கள்தான். அரசு விலை கட்டின அட்டவணை மருந்தில் எனக்கு லாபம் 16 சதவீதம். அதில்தான் வாடகை, கரண்ட், பையன் சம்பளம். பெரிய ஆஸ்பத்திரி மொத்தமாக அடிமாட்டு விலைக்கு வாங்கி, உள்ளேயே கடை வைத்து எம்ஆர்பிக்கு விற்கிறது. அதை யார் கேட்கிறார்கள்?

முருகேஷ்: 👍

தினேஷ்: அப்பா, இங்கே நியூஜெர்சியில் இப்போதுதான் விடிகிறது. சித்தப்பா எப்படி இருக்கிறார்? 1,000 டாலர் அனுப்பட்டுமா?

செல்வி அத்தை: அனுப்பு தம்பி. போன வருஷம் கூரை மாற்றும்போதும் இதே மாதிரி கேட்டாய்.

லட்சுமி பெரியம்மா: செல்வி, இப்போது அது எதற்கு?

செல்வி அத்தை: சரி, விடு அண்ணி.

ராஜேந்திரன் பெரியப்பா: பாலு சொன்னதில் பாதி சரி. 2018-ல் டெல்லி பக்கம் நாலு பெரிய தனியார் ஆஸ்பத்திரி பில்களை என்பிபிஏ பார்த்தது. சில பொருள்களில் 1,700 சதவீதத்துக்கும் மேல் லாபம். அதில் பெரும்பங்கு ஆஸ்பத்திரிகளுக்கே போனதாக அதுவே சொன்னது. அதனால் விலையையே கட்டக்கூடாது என்று ஆகிவிடாது. ஸ்டென்ட்டோடு நிறுத்தாமல் முழு பில்லையும் பார்க்க வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சந்தை பற்றி நடத்தும்போது, வாங்குபவனுக்குப் பொருளைத் தெரிய வேண்டும், பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போக முடிய வேண்டும் என்று சொல்வேன். சுந்தரத்துக்கு எந்த ஸ்டென்ட் நல்லது என்று நமக்குத் தெரியுமா? ஐசியூவிலிருந்து எழுந்து நாலு இடத்தில் விலை விசாரிக்க அவனால் முடியுமா? கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1963-லேயே இதை எழுதினார். மருத்துவத்தில் எப்போது நோய் வரும், எந்த வைத்தியம் பலிக்கும் என்பது நிச்சயமில்லை. நோயாளியைவிட டாக்டருக்கு அதிகம் தெரியும். அதனால் சாதாரணச் சந்தை மாதிரி இது ஓடாது என்றார்.

முருகேஷ்: மாமா, நாளைக்கு ஜீப் வேண்டுமா, வேண்டாமா?

பாலு மாமா: ராஜேந்திரன் மாமா, எல்லாவற்றையும் கட்டிப்போட்டால் இந்த மலையில் எவன் வந்து கேத் லேப் வைப்பான்? போட்டி வந்தால்தான் விலை இறங்கும்.

செல்வி அத்தை: பாலு, 2023-ல் பச்சைத் தேயிலைக்கு அரசாங்கம் விலை வைக்க வேண்டும் என்று உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்தது யார்?

பாலு மாமா: அது வேறு.

செல்வி அத்தை: எப்படி?

பாலு மாமா: பறித்த இலையை அன்றைக்கே பாக்டரிக்குக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது. ஏஜென்ட் சொல்வதுதான் விலை. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற விலைகூட வருவதில்லை.

ராஜேந்திரன் பெரியப்பா: சுந்தரத்தாலும் வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாது பாலு.

தினேஷ்: 👆

பாலு மாமா: ...

மாலை 6.31

தினேஷ்: பாலு மாமா, போட்டி நிறைய இருக்கிற இந்த ஊரில் வைத்தியச் செலவு நாட்டு வருமானத்தில் 17 சதவீதத்துக்கு மேல். கடைசியில் இவர்களும் சட்டம் போட்டுத்தான் 2023-லிருந்து மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கிற முதியவர்களுக்கு இன்சுலினை மாதம் 35 டாலருக்குக் கொண்டுவந்தார்கள்.

பாலு மாமா: சரிப்பா. நானும் அரசு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊட்டியில் 700 படுக்கையோடு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி திறந்தார்களே, அது மாதிரி வரட்டும். தனியாரும் பக்கத்தில் இருந்தால் பயந்து விலை வைப்பான்.

ராஜேந்திரன் பெரியப்பா: அதில் எனக்கும் சம்மதம். 1995-லிருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குவதால்தான் லாலியில் அந்த ஊசியை இலவசமாகப் போட முடிகிறது.

கவிதா: பெரியப்பா, எல்லாம் சரி. நான் என்ன பதில் சொல்ல? கோயமுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றவா, இங்கேயே செய்யவா?

லட்சுமி பெரியம்மா: ஆளை அலைக்கழிக்காதே. அங்கேயே செய்.

ராஜேந்திரன் பெரியப்பா: அரசு ஆஸ்பத்திரியிலும் கேத் லேப் இருக்கிறது, நல்ல டாக்டர்கள். ஆனால் மாற்றலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதலில் கீழே காப்பீட்டுத் திட்ட கவுண்டர் இருக்கிறதா பார். முதலமைச்சர் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்து, இந்த வைத்தியமும் அங்கே சேர்ந்திருந்தால் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும்.

செல்வி அத்தை: அண்ணனிடம் கார்டு இருக்கிறது. பீரோவில் பார்த்தேன்.

ராஜேந்திரன் பெரியப்பா: எந்த வருஷத்துக் கார்டு?

செல்வி அத்தை: கலைஞர் படம் போட்டது.

ராஜேந்திரன் பெரியப்பா: அது 2009-ல் கொடுத்தது. 2012-லேயே புதுத் திட்டம் வந்துவிட்டது. ரேஷன் கார்டு, ஆதார், விஏஓவிடம் வருமானச் சான்று, மூன்றும் வேண்டும்.

பாலு மாமா: ரெண்டு ஏக்கர் பட்டா யார் பேரில் இருக்கிறது? அதைப் பார்த்துத்தான் விஏஓ வருமானம் போடுவார்.

செல்வி அத்தை: இன்னும் அப்பா பேரில்தான். பாகம் பிரிக்கச் சொல்லி எத்தனை தடவை கேட்டேன்.

ராஜேந்திரன் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தினேஷ்: அப்பா என்ன எழுதினார்?

லட்சுமி பெரியம்மா: ஒன்றுமில்லை. நீ பணத்தை கவிதா கணக்குக்கு அனுப்பு.

கவிதா: கவுண்டர் இருக்கிறது பெரியப்பா. ஏழு மணிக்கு மூடிவிடுவார்களாம். நான் இறங்குகிறேன்.

மாலை 7.10

கவிதா: இந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது. ஆனால் அப்பா பேர் திட்டத்தில் பதிவாகவில்லை. நாளைக் காலையில் சான்றோடு வந்தால் பார்க்கலாம் என்றார்கள். பேக்கேஜில் முன்பணம் 50,000 இன்றைக்கே கட்டச் சொல்கிறார்கள்.

பாலு மாமா: 20,000 நான் இப்போதே ஜிபே போடுகிறேன். ரசீது கட்டாயம் வாங்கு. 'இதர' என்ன என்று எழுத்தில் கேள்.

கவிதா: சரி மாமா.

ராஜேந்திரன் பெரியப்பா: மீதி 30,000 நான். விஏஓ எட்டரைக்கு வருவார், நான் அங்கே நிற்கிறேன். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

கவிதா: டாக்டர் ஏழரைக்கே ரவுண்ட்ஸ் வருவார் பெரியப்பா. கேட்டால் என்ன சொல்ல?

லட்சுமி பெரியம்மா: டாக்டர் அவசரம் என்றால் போட்டுவிடு.

ராஜேந்திரன் பெரியப்பா: அவசரம் என்றால் போடு. இல்லையென்றால் எனக்கு போன் பண்ணு.

முருகேஷ்: ஜீப் ஆறு மணிக்கா, சான்று வாங்கின பிறகா?

செல்வி அத்தை: ஆறு மணிக்கு. நான் வருகிறேன். ரேஷன் கார்டு என்னிடம்தான் இருக்கிறது.

ராஜேந்திரன் பெரியப்பா: அது உன்னிடம் எப்படி வந்தது? விஏஓவுக்கு எனக்கு வேண்டுமே.