செயல்விளக்கத் திடல் பிழையாகிவிட்டால் உழவர்களிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி – புதிய களப்பணியாளர்

அனைவருக்கும் வணக்கம். வேளாண் விரிவாக்கப் பணியில் உதவியாளராகச் சேர்ந்து எனக்கு ஒரு பருவம் முடிந்திருக்கிறது. உழவர்களைக் கூட்டத்திற்கு அழைப்பது, மண் மாதிரி எடுப்பது, செயல்விளக்கத் திடலைக் கவனித்துக்கொள்வது, வந்தவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது ஆகியவை என் பொறுப்புகள். இவற்றுள் செயல்விளக்கத் திடலில் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றி அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வேரில் முடிச்சுகளை உண்டாக்கிச் செடிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) பிடித்துத் தரும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைப் பயறு விதையில் கலந்து விதைநேர்த்தி செய்து விதைப்பதன் பயனைக் காட்டுவதற்காக, ஓர் உழவரின் நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் நேர்த்தி செய்த விதையையும் மறுபாதியில் அவர் வழக்கமாக விதைக்கும் விதையையும் விதைத்தோம். பூக்கும் தருணத்தில் அக்கம்பக்கத்து உழவர்களை வரவழைத்து வயல்விழா நடத்தியபோது, வந்தவர்கள் இரு பக்கமும் செடிகளைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்கள். நேர்த்தி செய்யாத பக்கத்தில் செடிக்கு ஏழெட்டு வேர்முடிச்சுகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லை. ஒரு பெரியவர் அந்தச் செடியை என் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் வரப்பேறிப் போய்விட்டார்.

நிலத்துக்காரர், "உங்கள் பக்கம் நன்றாக வரவேண்டுமே தம்பி" என்ற நல்லெண்ணத்தில், அந்தப் பாதிக்கு மட்டும் இரண்டு முறை யூரியா இட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அறிக்கைப் படிவத்தில் மகசூலை எழுதக் கட்டம் இருக்கிறது. நடந்ததை எழுத இடமில்லை. இதை எப்படிப் பதிவு செய்வது? அந்த உழவர்களிடம் மீண்டும் எப்படிப் போய் நிற்பது? கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வயலில் எதையும் செய்யாதவர்களை என்ன செய்வது என்பதும் எனக்கு விளங்கவில்லை.

பதில் – ஓய்வுபெற்ற விரிவாக்க அலுவலர்

தம்பிக்கு வணக்கம். உங்கள் திடல் வீணாகிவிட்டது என்று நான் கருதவில்லை. மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது பயறுச் செடி முடிச்சுகளை வளர்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிருக்குச் செடி தன் மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். தேவையானது யூரியாவிலேயே கிடைத்துவிட்டால் அந்தச் செலவைச் செடி ஏன் செய்யப் போகிறது? மறுபாதியில் கண்ட முடிச்சுகள் அந்த மண்ணில் ஏற்கெனவே வாழும் ரைசோபியத்தால் உண்டானவை. பயறு அடிக்கடி விளையும் நிலத்தில் இது இயல்பு. ஆகவே உங்கள் வயல் காட்டியது பொய்யன்று; நீங்கள் கேட்காத வேறொரு கேள்விக்கு அது சரியான விடையைச் சொல்லியிருக்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். செடியைப் பிடுங்கிப் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடுங்கினால் முடிச்சுகள் பாதிக்கு மேல் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடலாம். செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால் வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி மெதுவாக அலச வேண்டும். பிறகு முடிச்சுகளை எண்ணுவதோடு நிறுத்தாமல் நான்கைந்தை நகத்தால் கிள்ளிப் பிளந்து காட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிற முடிச்சு. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது ஓய்ந்துவிட்டது. எண்ணிக்கையை நம்பாத உழவர்கூட அந்தச் சிவப்பைப் பார்த்ததும் குனிந்து தாமே இன்னொரு முடிச்சைக் கிள்ளுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

அறிக்கையைப் பொறுத்தவரை, இரு பாதிகளின் மகசூலையும் எழுதி, படிவத்தோடு ஒரு தாளை இணைத்து, எந்தத் தேதியில் எந்தப் பாதிக்கு எவ்வளவு யூரியா இடப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு, ஆகவே இவற்றை ஒப்பிட இயலாது என்று நேராக எழுதிக் கொடுங்கள். மறைத்து எழுதினால், அடுத்த ஆண்டு அந்த எண்ணை நம்பி வேறொருவர் பரிந்துரை செய்வார். அடுத்த முறை நான்கு மூலைக்கும் முளை அடித்து, வாரம் ஒருமுறையாவது சென்று, என்ன இட்டீர்கள் என்று கேட்டு, அவர் எதிரிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுப் பாதி எதற்காக இருக்கிறது என்பது நிலத்துக்காரருக்குப் புரியாமல் போனது உங்கள் தவறுதான். அவர் விருந்தாளியை உபசரிப்பதுபோல உங்கள் பயிரை உபசரித்திருக்கிறார்.

பதில் – மகளிர் குழுக்களோடு பணியாற்றுபவர்

தலையாட்டுகிறவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதலில், கூட்டத்துக்கு வந்தவர்கள் யார், விதையை நேர்த்தி செய்கிறவர்கள் யார் என்று பாருங்கள். நான் பணியாற்றிய இடங்களில் விதையைப் புடைத்து, கலந்து, காயவைத்து, விதைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பதிவேட்டில் கையெழுத்திட்டவர்களோ ஆண்கள். நுண்ணுயிர் உரம் கலந்த விதையை நிழலில் உலர்த்த வேண்டும் என்ற ஒரு சொல், கூட்டத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே உதிர்ந்துவிடும். வழக்கமாக விதையைக் காயவைப்பதுபோல வெயிலில் பரப்பிவிட்டால் நுண்ணுயிர் செத்துவிடும். பிறகு வயலில் ஒன்றும் தெரியாது. நீங்கள் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பூசணக்கொல்லி கலந்த கையோடு அதே விதையில் ரைசோபியத்தைக் கலப்பதாலும் இதே விளைவுதான் நேரும். ஆகவே விதை இருக்கும் இடத்துக்கே, விதைப்பதற்கு முந்தின நாள் போய், விதையைக் கையாள்பவரைக் கொண்டே செய்யவைத்து, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

இரண்டாவதாக, உடனே ஏற்காததை மறுப்பு என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோளம் பரவிய விதத்தைப் பற்றி ரயான், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 1943-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. 259 உழவர்களிடம் அவர்கள் விசாரித்தபோது, பெரும்பாலோர் முதலில் நிலத்தின் ஒரு சிறு பகுதியில் மட்டும் அந்த விதையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பல ஆண்டுகள் கழித்தே முழுமையாக மாறினார்கள் என்பது தெரிந்தது. செய்தியைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் விதை விற்பனையாளர்கள்; மனத்தை மாற்றியது பக்கத்து நிலத்துக்காரரின் அனுபவம். எனவே ஏக்கர் முழுவதும் செய்யுங்கள் என்று கேட்காமல் நான்கு பாத்தி கேளுங்கள். தோற்றாலும் குடும்பம் தாங்கும் அளவுக்குக் கேட்பதுதான் நியாயம். நட்டம் வந்தால் அதைச் சுமப்பவர்கள் அவர்கள். நமக்குச் சம்பளம் குறையப்போவதில்லை.

பதில் – களத்தில் பதினைந்து ஆண்டுகள்

மேலே இருவரும் எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் செயல்விளக்கத் திடல் ஒன்றையே நம்பியிருப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. திடலில் உழவர் பார்வையாளர் மட்டுமே; முடிவை நாம் முன்கூட்டியே வைத்துக்கொண்டு அவரை அழைக்கிறோம். இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி தாக்கியபோது, கட்டுப்பாடின்றித் தெளித்த மருந்துகள் நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்று புகையானையே பெருக்கியதைக் கண்ட அரசு, 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிருக்குத் தடை செய்தது. ஆயினும் தடை மட்டும் போதவில்லை. தெளிக்கலாமா வேண்டாமா என்பதை உழவர் தாமே வயலைப் பார்த்து முடிவு செய்யக் கற்பதற்காக 1989-இல் அங்கே உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இருபத்தைந்து பேர் அளவில் ஒரு குழு பருவம் முழுவதும் வாரந்தோறும் வயலில் கூடி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, வரைந்து, தங்களுக்குள் வாதிட்டு முடிவெடுத்தது. நடத்துபவரின் வேலை விடை சொல்வதன்று, அடுத்த கேள்வியைக் கேட்பது. உங்கள் யூரியா விவகாரத்தையே அத்தகைய ஒரு குழுவின் முன் வைத்து, முடிச்சு ஏன் குறைந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

உதவியாளருக்கு உரிய எல்லையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தெரியாத நோய்க்கு அந்த இடத்திலேயே மருந்துப் பெயர் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைச் செய்யாமல், பாதிக்கப்பட்ட செடியையும் நல்ல செடியையும் வேரோடு எடுத்து, தேதியும் பயிரின் வயதும் எழுதி அலுவலரிடம் கொண்டுபோய், விடையோடு எந்த நாளில் வருவதாகச் சொன்னீர்களோ அந்த நாளில் திரும்பப் போங்கள். விடை கிடைக்காவிட்டாலும், கிடைக்கவில்லை என்று சொல்லவாவது போங்கள். நான் சேர்ந்த புதிதில் நாற்பது நிலங்களில் மண் மாதிரி எடுத்தேன். ஆய்வு முடிவுகள் விதைப்புக்குப் பிறகுதான் வந்தன. வெட்கப்பட்டு அந்தத் தாள்களைக் கொடுக்காமலே விட்டுவிட்டேன். அடுத்த பருவத்தில் மண்வெட்டியோடு போனபோது, போன முறை எடுத்த மண் எங்கே என்று ஓர் அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி – புதிய களப்பணியாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை நிலத்துக்காரரைப் போய்ப் பார்த்தேன். யூரியாவால் முடிச்சு குறைந்திருக்கிறது என்பதையும், ஒப்பீட்டின் நோக்கத்தை நான் சரியாக விளக்காமல் விட்டதையும் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் இத்தனை வருடம் பயறுக்கு யூரியா இட்டது தண்டம்தானா என்று கேட்டார். எந்த அளவுக்கு மேல் இடுவது வீண் என்பதை அலுவலரிடம் கேட்டு வியாழக்கிழமை வந்து சொல்வதாகக் கூறியிருக்கிறேன். அடுத்த பருவத்தில் பத்துப் பத்து வரிசையாக மூன்று பங்கு விதைக்கலாம், ஒன்றில் நேர்த்தி மட்டும், ஒன்றில் யூரியா மட்டும், ஒன்றில் எதுவும் வேண்டாம் என்று அவரே சொன்னார். விதைநேர்த்தியை அவருடைய மனைவியும் மருமகளும் செய்கிறார்கள். விதைப்புக்கு முந்தின நாள் நான் வாளியோடு போகிறேன். அன்று செடியைக் கையில் கொடுத்துவிட்டுப் போன பெரியவரை, பூக்கும் சமயத்தில் வந்து அவர் கையாலேயே வெட்டியெடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப் போகிறேன்.