யேல் பெலோஷிப்பா, செவனிங்கா?

முள்ளியவளை:
பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தில ஏழு வருசமா முகாமையாளராக இருக்கிறன். அமெரிக்காவில இருக்கிற யேல் பல்கலைக்கழகத்தின்ர வேர்ல்ட் பெலோஸ் திட்டம், பிரித்தானிய அரசாங்கத்தின்ர செவனிங் புலமைப்பரிசில், ரெண்டில எதுக்கு விண்ணப்பிக்கலாம்?

பூநகரியான்:
தங்கச்சி, ரெண்டும் வேற வேற. யேல் திட்டம் 2002இல தொடங்கினது. நாலு மாதம் யேல் இருக்கிற நியூ ஹேவன் நகரத்தில தங்கவேணும், பட்டம் கிடையாது. தொழிலில ஏற்கெனவே தடம் பதிச்ச ஆக்களைத்தான் எடுப்பினம். உலகம் முழுக்க வருசத்துக்குப் பதினாறு பேரளவில எண்டதால போட்டி கடுமை.

செவனிங் பிரித்தானியாவில ஒரு வருச முதுமாணிப் படிப்புக்கு. இளமாணிப் பட்டமும் 2,800 மணித்தியால வேலை அனுபவமும் வேணும். கிழமைக்கு 40 மணி எண்டால் 70 கிழமை. பகுதிநேர, தொண்டு வேலையும் சேரும். முடிச்சபிறகு எங்கட நாட்டுக்குத் திரும்பி ரெண்டு வருசம் இருக்கவேணும். பட்டம் இருந்தால் முதல்ல இதைப் போடுங்கோ.

வவுனிக்குளம்:
விண்ணப்பக் கட்டுரையிலதான் கனபேர் விழுறவை. "சமூகத்துக்குச் சேவை செய்தன்" எண்டால் வாசிக்கிறவருக்கு ஒண்டும் தெரியாது. சங்கத்தில எத்தினை உறுப்பினர், நெல் விலை விழுந்தபோது நீங்கள் எடுத்த முடிவு என்ன, ஆர் எதிர்த்தவை, பிறகு என்ன மாறினது, இதை எழுதுங்கோ. எங்கட பக்கத்தில தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சம். எல்லாத்தையும் "நாங்கள்" எண்டு எழுதினால் உங்கட பங்கு மறைஞ்சுபோகும். பரிந்துரைக் கடிதம் பெரிய பதவிக்காரரிட்ட வேண்டாம், உங்கட வேலையை நேரில பார்த்தவரிட்ட வாங்குங்கோ.

பூநகரியான்:
ஆவணங்களையும் இப்பவே பாருங்கோ அக்கா, தங்கச்சிமாரே. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூண்டிலயும் பெயர் ஒரேமாதிரி இருக்கவேணும். இடப்பெயர்வில தொலைஞ்ச பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில பிரதி எடுக்கலாம்.