மேசைக் கணினி இன்னும் எத்தனை காலம் இருக்கும்?

மார்த்தாண்டம்வாசி:
2009-ல் வாங்கிய மேசைக் கணினி இன்னும் ஓடுகிறது, ஒருமுறை ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்) கூட்டினேன், பிறகு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டேன், அவ்வளவுதான் செலவு. மகள் கல்லூரிக்குப் போகிறாள், புதிது வாங்க வேண்டும். இனி எல்லாம் போனுக்குள் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

தக்கலைத்தம்பி:
கணினி போகாது அண்ணே, அதன் உள்ளே இருப்பதுதான் மாறுகிறது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசி கணினியில் செயலியின் (கணினியின் மூளை போன்ற சிப்) வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அப்புறம் ஏறிக்கொண்டே போன வேகம், 2004 வாக்கில் 4 கிகாஹெர்ட்ஸை (4,000 மெகாஹெர்ட்ஸ்) நெருங்கியபோது சூடு தாங்காமல் தேங்கிவிட்டது, அதனால்தான் ஒரே சிப்பில் பல கோர்களை (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளை) வைக்க ஆரம்பித்தார்கள். 2020-ல் வந்த ஆப்பிளின் எம்1 சிப்பில் ராமும் செயலியோடு சேர்ந்தே வருகிறது. மின்சாரம் மிச்சம்தான், ஆனால் நீங்கள் செய்தது போலப் பின்னால் ராம் கூட்ட முடியாது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

குளச்சல்காரி:
தம்பி சொல்வது சரி. எங்கள் ஊர் உப்புக்காற்றில் எந்த இணைப்பு முனையும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய பெட்டி என்றால் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றுவோம், என் புது மடிக்கணினிக்கோ எல்லா பாகமும் சேர்ந்திருக்கும் மெயின் போர்டையே மாற்றச் சொன்னார்கள். ராமைக் கழற்றி மாட்டும் ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மார்த்தாண்டம்வாசி:
சரி, சனிக்கிழமை நாகர்கோவிலுக்குப் போய்க் கேட்கிறேன்.